ஆர்டிஎஸ் போஸ்ட்கிரெஸில் செட்டிங் மாற்றுவது எப்படி: பாராமீட்டர் குரூப் பழகுவோம்

சொந்த சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஓட்டிப் பழகியவர்கள் அமேசானே நிர்வகித்துத் தரும் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் பக்கம் வந்ததும் முதலில் தேடுவது கான்ஃபிக் ஃபைலைத்தான். அது கைக்கு எட்டாது. மெஷினுக்குள் எஸ்எஸ்ஹெச்சில் நுழைய வழியில்லை, சூப்பர்யூசர் உரிமையும் நமக்குக் கிடையாது, மாஸ்டர் யூசராக உள்ளே போய் 'ஆல்டர் சிஸ்டம்' என்று அடித்தால்கூட அனுமதி இல்லை என்றுதான் பதில் வரும். சர்வர் முழுமைக்கும் ஒரு செட்டிங் மாற வேண்டுமென்றால் செட்டிங்குகளைத் தொகுத்து வைக்கும் பாராமீட்டர் குரூப் என்ற ஒரே வாசல்தான்.

எந்த எண் நல்ல எண் என்பதைவிட அந்த வாசலைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது. புதிதாக வருபவர்கள் தவறான எண்ணைப் போட்டு மாட்டிக்கொள்வது குறைவு. சரியான எண்ணைத் தவறான அளவையில் போட்டோ, போட்ட எண் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோ மாட்டிக்கொள்வதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த செட்டிங்கைத் தொட்டாலும் மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த எண் எந்த அளவையில் இருக்கிறது, இது எப்போது அமலுக்கு வரும், வந்துவிட்டதா என்று டேட்டாபேஸிடமே கேட்டுப் பார்த்தாயிற்றா.

செட்டிங் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். ஆர்டிஎஸ்ஸை நிர்வகிக்கும் வெப் பக்கமான கன்சோலின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது வார்த்தைகளுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வர வேண்டும்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

கன்சோலைத் திறப்பதற்கு முன்னால் டேட்டாபேஸுக்குள் நுழைந்து பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவைப் பாருங்கள். அதில் ஐந்து நெடுவரிசை போதும்: பெயர், செட்டிங், யூனிட், கான்டெக்ஸ்ட், சோர்ஸ். வொர்க்_மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைக்கு குவெரி எடுத்துக்கொள்ளும் மெமரி) வரிசையை எடுத்தால் செட்டிங் என்ற இடத்தில் 4096, யூனிட்டில் கேபி என்று இருக்கும், அதாவது 4 எம்பி. கான்டெக்ஸ்ட் என்பது எப்போது மாறும் என்பதைச் சொல்கிறது. 'போஸ்ட்மாஸ்டர்' என்று இருந்தால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் அது மாறாது. 'சிக்ஹப்' என்றால் ரீலோட் போதும். 'யூசர்' என்றால் நம் செஷனுக்குள்ளேயே மாற்றிப் பார்க்கலாம். சோர்ஸ் என்பது இந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது இருக்கும் எண்ணை எங்காவது எழுதி வைத்துவிடுங்கள். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும்.

சொந்தமாக ஒரு குரூப்

இன்ஸ்டன்ஸ், அதாவது ஆர்டிஎஸ்ஸில் ஓடும் ஒரு டேட்டாபேஸ் சர்வர், உருவாக்கும்போது எதுவும் சொல்லாமல் விட்டால் ஆர்டிஎஸ் தானாகவே ஒரு குரூப்பை மாட்டிவிடும். 'டீஃபால்ட் டாட் போஸ்ட்கிரெஸ்16' மாதிரி ஒரு பெயர் இருக்கும். அதைத் திருத்த முடியாது. பட்டனைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது அப்படித்தான். இடதுபக்க மெனுவில் பாராமீட்டர் குரூப்ஸுக்குப் போய்ப் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். அங்கே ஃபேமிலி என்று ஒன்று கேட்கும், அது போஸ்ட்கிரெஸின் பெரிய வெர்ஷன். இன்ஸ்டன்ஸ் 16 என்றால் 16-இன் ஃபேமிலியைத்தான் எடுக்க வேண்டும், 15-க்கான குரூப் 16-இல் மாட்டாது.

பெயர் வைக்கும்போது கொஞ்சம் யோசித்து வையுங்கள். 'டெஸ்ட்', 'புதுசு' என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எந்த ஆப், ப்ரொடக்‌ஷனா ஸ்டேஜிங்கா, எந்த வெர்ஷன் என்ற மூன்றும் பெயரிலேயே இருந்தால் நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே குரூப்பைப் பல இன்ஸ்டன்ஸ்களில் மாட்டலாம், வசதிதான். ஆனால் ரீபூட் தேவைப்படாத ஒரு செட்டிங்கை அதில் மாற்றினால் அந்த குரூப் மாட்டியிருக்கும் எல்லா இன்ஸ்டன்ஸிலும் உடனே மாறிவிடும். ஸ்டேஜிங்கில் முயற்சி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ப்ரொடக்‌ஷனை மாற்றிவிடும் விபத்து இங்கேதான் நடக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி குரூப் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க கன்சோலிலேயே 'கம்பேர்' இருக்கிறது, வேறுபடும் செட்டிங்குகளை மட்டும் காட்டும்.

மாட்டுவதும் ரீபூட்டும்

குரூப்பை உருவாக்கினால் மட்டும் போதாது, இன்ஸ்டன்ஸில் மாட்ட வேண்டும். இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுத்து 'மாடிஃபை' கொடுத்து, கீழே இறங்கிப் போனால் டீபி பாராமீட்டர் குரூப் என்ற பெட்டி இருக்கும். அங்கே புதியதைத் தேர்ந்தெடுத்து சேமியுங்கள்.

சேமித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. இன்ஸ்டன்ஸின் கான்ஃபிகரேஷன் டேபில் குரூப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பென்டிங் ரீபூட்' என்று இருக்கும். குரூப் பெயர் மாறிவிட்டது, உள்ளே இருக்கும் மதிப்புகள் எதுவும் இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். அடுத்த மெயின்டனன்ஸ் விண்டோவில் தானாக ரீபூட் ஆகிவிடும் என்று காத்திருக்காதீர்கள், ஆகாது. வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். நாம்தான் ரீபூட் செய்ய வேண்டும், செய்தபின் 'இன் சிங்க்' என்று மாறும்.

ரீபூட் என்றால் கனெக்‌ஷன் எல்லாம் அறுந்துபோகும், ஆப் சிறிது நேரம் தடுமாறும். ஆகவே கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, குழுவில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மல்டி ஏஇசட் (வேறொரு இடத்தில் தயாராக நிற்கும் மாற்று சர்வர்) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, ரீபூட் செய்யும்போது 'ஃபெயில்ஓவரோடு ரீபூட்' என்று ஒரு டிக் பெட்டி காட்டும். புதிய குரூப் அமலுக்கு வர வேண்டுமென்றால் அதை டிக் செய்யாமல் சாதாரண ரீபூட் செய்யுங்கள்.

என் யோசனை, புது இன்ஸ்டன்ஸ் உருவாக்கும் நாளிலேயே, எதையும் மாற்றும் எண்ணம் இல்லாவிட்டாலும், சொந்த குரூப் ஒன்றை மாட்டிவிடுங்கள். உருவாக்கிய குரூப்பை உடனே புது இன்ஸ்டன்ஸில் போடாமல் ஐந்து நிமிடமாவது விட்டு உருவாக்குங்கள், குரூப் முழுதாகத் தயாராக அவ்வளவு நேரம் கொடுக்கச் சொல்லி ஆர்டிஎஸ்ஸின் கையேடே சொல்கிறது. இப்படிச் செய்துவிட்டால் பிறகு ஒரு நாள் ராத்திரி அவசரமாக ஏதாவது மாற்ற வேண்டி வரும்போது குரூப்பை மாட்டவென்று ஒரு ரீபூட் தேவைப்படாது.

எண் எந்த அளவையில்

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு ரிப்போர்ட் குவெரி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால் 'சார்ட் மெத்தட்: எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க்: 22136கேபி' என்று ஒரு வரி. அதாவது வரிசைப்படுத்துவதற்கு மெமரி போதாமல் 22 எம்பியை டிஸ்கில் எழுதி எழுதி வேலை செய்கிறது. என் செஷனில் மட்டும் வொர்க்_மெம்மை '64எம்பி' என்று மாற்றி அதே குவெரியை ஓட்டினேன், அந்த வரி 'குவிக்சார்ட், மெமரி' என்று மாறியது, குவெரியும் வேகமாக முடிந்தது. ரொம்ப சந்தோஷம். நேராக கன்சோலுக்குப் போய், பாராமீட்டர் குரூப்பில் வொர்க்_மெம்மைத் தேடி, 64 என்று அடித்து சேமித்தேன்.

செஷனில் மாற்றும்போது அளவையையும் சேர்த்து எழுதலாம். பாராமீட்டர் குரூப்பில் வெறும் எண் மட்டும்தான், அந்த எண் போஸ்ட்கிரெஸின் அடிப்படை அளவையில் எடுத்துக்கொள்ளப்படும். வொர்க்_மெம்முக்கு அது கிலோபைட். நான் கொடுத்தது 64 எம்பி இல்லை, 64 கிலோபைட். அந்த செட்டிங்குக்கு அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த மதிப்பும் அந்த 64 கிலோபைட்தான், அதனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. ரீபூட் தேவைப்படாத செட்டிங் என்பதால் கொஞ்ச நேரத்தில் அமலுக்கும் வந்துவிட்டது. அதுவரை மெமரியிலேயே முடிந்துகொண்டிருந்த சின்னச் சின்ன குவெரிகள்கூட டிஸ்கில் டெம்ப் ஃபைல் எழுத ஆரம்பித்தன, ஆப்பின் எல்லாப் பக்கமும் இழுத்தது. வேகப்படுத்தத்தானே மாற்றினோம், இது எப்படிக் காரணமாக இருக்கும் என்று நினைத்து வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் 'ஷோ வொர்க்_மெம்' என்று அடித்ததும் திரையில் 64கேபி என்று வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. போட வேண்டிய எண் 65536.

கன்சோலில் ஒவ்வொரு செட்டிங்கின் விளக்கத்திலும் முதலிலேயே அடைப்புக்குறிக்குள் அளவையைப் போட்டிருப்பார்கள். வொர்க்_மெம்முக்குக் கிலோபைட். லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட்டுக்கு மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடிக்கு மேல் ஓடும் குவெரிகளை லாகில் பார்க்க வேண்டுமென்றால் 1000. அங்கே 1 என்று போட்டால் ஒரு மில்லி விநாடியைத் தாண்டும் குவெரி அத்தனையும் லாகில் விழும், லாக் நிரம்பி வழியும். டேட்டாவை மெமரியில் வைத்துக்கொள்ளும் இடமான ஷேர்டு_பஃபர்ஸ் இன்னும் குழப்பமானது, அது 8 கிலோபைட் பிளாக்குகளின் எண்ணிக்கை. 1 ஜிபி வேண்டுமென்றால் 131072. சேமிப்பதற்கு முன் அந்த அடைப்புக்குறியைப் படித்துவிட்டு, ஒரு காகிதத்திலாவது கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சில மதிப்புகள் எண்ணாக இல்லாமல் ஃபார்முலாவாக இருக்கும். ஷேர்டு_பஃபர்ஸில் இன்ஸ்டன்ஸின் மெமரியை 32768-ஆல் வகுத்த மாதிரி ஒன்று இருக்கும். மெமரி பைட்டில், பிளாக் 8192 பைட், அதில் நான்கில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் 32768 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்: மெமரியில் 25 சதவீதம். இந்த ஃபார்முலாவை அழித்துவிட்டு நேரடி எண் போட வேண்டாம். பெரிய இன்ஸ்டன்ஸுக்கு மாறும்போது ஃபார்முலா தானாகவே கூடும், நேரடி எண் பழையபடியே நிற்கும். சின்ன இன்ஸ்டன்ஸுக்கு மாறும்போது இன்னும் மோசம், அந்த எண்ணுக்கு மெமரி போதாமல் டேட்டாபேஸ் கிளம்பாமலே போகலாம். இன்ஸ்டன்ஸ் 'இன்கம்பேட்டிபிள் பாராமீட்டர்ஸ்' என்ற நிலையில் நின்றுவிடும், குரூப்பில் அந்த மதிப்பை ரீசெட் செய்து ரீபூட் கொடுத்தால்தான் எழுந்திருக்கும்.

மாறிவிட்டதா என்று கேளுங்கள்

கன்சோலில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் 'டைனமிக்' அல்லது 'ஸ்டாட்டிக்' என்று போட்டிருக்கும். டைனமிக் என்றால் சேமித்துச் சிறிது நேரத்தில் ரீபூட் இல்லாமலே அமலாகும். ஸ்டாட்டிக் என்றால் ரீபூட் வேண்டும். மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ், ஷேர்டு_பஃபர்ஸ், ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரிஸ், லாஜிக்கல் ரெப்ளிகேஷனைத் திறக்கும் செட்டிங் எல்லாம் ஸ்டாட்டிக்.

எதுவாக இருந்தாலும் கன்சோலில் இருக்கும் எண்ணை நம்பி விட்டுவிடாமல் டேட்டாபேஸுக்குள் போய் 'ஷோ' போட்டுப் பாருங்கள். ஆப் எந்த யூசரில் நுழைகிறதோ அந்த யூசரில் நுழைந்து பார்ப்பது முக்கியம். யாராவது முன்பு எப்போதோ 'ஆல்டர் ரோல்' மூலம் அந்த யூசருக்கு மட்டும் வேறு மதிப்பு கொடுத்திருந்தால் குரூப்பில் நீங்கள் என்ன போட்டாலும் அந்த யூசருக்குப் பழையதுதான் கிடைக்கும். மாஸ்டர் யூசராகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரித் தெரியும். முன்னால் சொன்ன சோர்ஸ் நெடுவரிசை இங்கேதான் கைகொடுக்கும்: 'கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்று இருந்தால் குரூப்பிலிருந்து வந்தது, 'யூசர்' என்றோ 'டேட்டாபேஸ்' என்றோ இருந்தால் நடுவில் யாரோ மேலெழுதியிருக்கிறார்கள்.

இதை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம், அதுதான் எனக்குப் பிடித்த வழி. என் கதையில் மெமரி தேவைப்பட்டது ஒரே ஒரு ரிப்போர்ட்டுக்கு. அதற்காக எல்லோருக்கும் வொர்க்_மெம்மை ஏற்றியிருக்கவே வேண்டியதில்லை. வொர்க்_மெம் ஒரு கனெக்‌ஷனுக்கு ஒன்று என்று கணக்கில்லை, ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனியாக அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம், ஹாஷ் என்றால் போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து அதைப் போல இரண்டு மடங்கு. 64 எம்பி, 200 கனெக்‌ஷன், ஆளுக்கு ஒரே ஒரு சார்ட் என்று வைத்தாலே 12 ஜிபியைத் தாண்டுகிறது. 8 ஜிபி மெஷினில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? மெமரி தீர்ந்து ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு ப்ராசஸைக் கொல்லும், போஸ்ட்கிரெஸ் பாதுகாப்புக்காக எல்லா கனெக்‌ஷனையும் அறுத்துவிட்டு ரெகவரியில் போய் மீண்டும் எழும். ஆகவே ரிப்போர்ட்டுக்கென்று தனி யூசர் ஒன்று உருவாக்கி, 'ஆல்டர் ரோல்' மூலம் அவருக்கு மட்டும் '64எம்பி' கொடுங்கள். அளவையையும் எழுத்திலேயே எழுதலாம், குரூப்பைத் தொடவே வேண்டாம். புதிதாகத் திறக்கும் கனெக்‌ஷன்களுக்குத்தான் அது பொருந்தும், பழைய கனெக்‌ஷன் பூலை (ஆப் திறந்தே வைத்திருக்கும் கனெக்‌ஷன்களின் தொகுப்பை) ஒருமுறை மூடித் திறக்க வேண்டும்.

கனெக்‌ஷனை ஏற்றும் ஆசை

'டூ மெனி க்ளையன்ட்ஸ்' என்ற எரர் வந்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸில். ஆர்டிஎஸ்ஸில் இது மெமரியை 9531392-ஆல் வகுத்து வரும் எண், அதிகபட்சம் 5000. 8 ஜிபி மெஷினில் கணக்குக்கு 901 வரும். ஆபரேட்டிங் சிஸ்டமும் ஆர்டிஎஸ்ஸின் சொந்த வேலைகளும் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொள்வதால் நிஜத்தில் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டு சிபியூ உள்ள மெஷினுக்கு இதுவே தேவைக்கு மேல். அதைத் தாண்டி ஏற்றினால் ஒவ்வொரு கனெக்‌ஷனும் ஒரு தனி ப்ராசஸ், தனி மெமரி. முதலில் இப்போது இருக்கும் கனெக்‌ஷன்களைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் 'ஐடில்' என்றிருந்தால் ஆப் பக்கம் பூல் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது நடுவில் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரோ ஆர்டிஎஸ் ப்ராக்ஸியோ வைக்க வேண்டும். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று நிறைய இருந்தால் கோடில் எங்கோ டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறார்கள்; அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட்டை 300000 என்று வைத்தால், மில்லி விநாடிக் கணக்கில் ஐந்து நிமிடம், அதற்கு மேல் சும்மா கிடக்கும் செஷனை டேட்டாபேஸே வெட்டிவிடும்.

உண்மையிலேயே ஏற்றித்தான் ஆக வேண்டும், ரீட் ரெப்ளிகாவும் (பிரைமரி என்ற மூல சர்வரின், படிக்க மட்டுமான காப்பி) இருக்கிறது என்றால் வரிசை முக்கியம். ரெப்ளிகாவில் இந்த எண் பிரைமரியைவிடக் குறையக் கூடாது. ஏற்றும்போது முதலில் ரெப்ளிகா, பிறகு பிரைமரி. இறக்கும்போது அப்படியே தலைகீழ். மாற்றிச் செய்தால் ரெப்ளிகா பிரைமரியின் மாற்றங்களை வாங்குவதையே நிறுத்திவிடும்.

புதிதாக ஆரம்பிப்பவர் பயமில்லாமல் தொடக்கூடியவை என்றால், ஸ்லோ குவெரி லாகுக்கு மேலே சொன்ன 1000. எஸ்எஸ்டி ஸ்டோரேஜில், டிஸ்கில் அங்கங்கே தாவிப் படிப்பதற்கு ஆகும் செலவைச் சொல்லும் ரேண்டம்_பேஜ்_காஸ்டை 4-இலிருந்து 1.1-க்கு இறக்குவது. இந்த இரண்டாவது மாற்றம் குவெரி ப்ளானையே மாற்றக்கூடியது, ஸ்டேஜிங்கில் சில நாள் ஓடவிட்டுப் பிறகு செய்யுங்கள். டைம்ஸோனை இந்திய நேரத்துக்கு மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், முடியும். ஆனால் டேட்டாபேஸை யூடிசியிலேயே விட்டுவிட்டுக் காட்டும் இடத்தில் மாற்றிக்கொள்வதே மேல், இல்லாவிட்டால் டேட்டாபேஸ் ஒரு நேரமும் மற்ற சர்வர்கள் இன்னொரு நேரமும் காட்டி, ஒரு பிரச்சினையைத் தேடும் அன்று ஐந்தரை மணி நேரக் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கூகுள் கிளவுட் எஸ்கியூஎல்லில் இதையே 'ஃப்ளாக்ஸ்' என்றும் அஸூரில் 'சர்வர் பாராமீட்டர்ஸ்' என்றும் சொல்வார்கள். கூகுளில் சில ஃப்ளாக்குகளைச் சேமித்த உடனேயே இன்ஸ்டன்ஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும், ஆர்டிஎஸ் மாதிரி நாம் சொல்லும் வரை காத்திருக்காது.

எழுதி வைத்த ஃபைல்

ஒரு நேரத்தில் ஒரு செட்டிங் மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றி ஏதாவது கெட்டால் எது காரணம் என்று தெரியாது. என் ஃபைலில் ஒரு வரி இப்படி இருக்கும்: 'வொர்க்_மெம், பழையது 4096, புதியது 16384, அளவை கேபி, டைனமிக், ஆப் யூசரில் ஷோ போட்டேன் 16எம்பி வந்தது, ஃப்ரீயபிள் மெமரி நாளைக் காலை பார்க்க வேண்டும்.' அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் ஃப்ரீயபிள் மெமரியும் ஸ்வாப் யூசேஜும் ஒரு முழு வேலைநாள் எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரி.

இந்த ஃபைல் அதிகம் உதவும் நாள் பெரிய வெர்ஷன் அப்கிரேட் செய்யும் நாள். 15-இலிருந்து 16-க்குப் போகும்போது பழைய குரூப் கூட வராது. 16-க்கான குரூப்பை முன்கூட்டியே உருவாக்கி, பழைய மதிப்புகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு, அப்கிரேட் செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் டீஃபால்ட் குரூப் மாட்டிக்கொண்டு நீங்கள் வருடக்கணக்கில் சரிசெய்து வைத்த எதுவும் இல்லாமல் டேட்டாபேஸ் எழும், எரர் எதுவும் வராது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து ரீஸ்டோர் செய்யும்போதும் இதே கதைதான், குரூப்பை நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுந்ததும் ஆப்பைத் திறந்துவிடுவதற்கு முன் பிஜி_செட்டிங்ஸைத் திறந்து, ஃபைலில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் எண் அதேதானா என்று மேலிருந்து கீழ் வரை டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். பத்து வரி இருந்தால் ஐந்து நிமிட வேலை.